படம் தேடிச் சென்றோர் கண்ட கோணமலை

பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் ஒருவர் ஓர் ஊரை அறிந்துகொள்ளும் வழி மற்றவர்களுடைய வழியன்று. வணிகர் கடைத்தெருவைக் கொண்டு ஊரை அளப்பார்; யாத்திரிகர் கோயிலைக் கொண்டு அளப்பார். படம் தேடித் திரிபவரோ, வெயில் எந்நேரத்தில் எந்தச் சுவரில் விழுகிறது என்பதைக் கொண்டே ஊரை அளக்கிறார். அவ்வாறு அளக்கப் புகுந்தவருக்குத் திருகோணமலையைப் போல வாய்த்த ஊர் இலங்கையில் வேறில்லை என்று சொன்னால், அதனை வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

நகரம் ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றின்மேல் அமர்ந்திருக்கிறது. கிழக்கே திறந்த கடல். மேற்கே குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம். காலையில் டச்சுக்குடாவின் மணலில் நின்றால் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம். மாலையில் உவர்மலைப் பக்கம் சென்றால், அதே கதிரவன் துறைமுக நீருக்கு அப்பால் குன்றுகளின் பின்னே இறங்குவதைக் காணலாம். இரண்டு இடங்களுக்கும் இடையே கால்நடையாகச் செல்ல அதிக நேரம் வேண்டியதில்லை. எழுகின்ற ஞாயிற்றையும் விழுகின்ற ஞாயிற்றையும் ஒரே நாளில், பேருந்தில் ஏறாமலே, நீர்ப்பரப்பின்மீது காணக் கிடைப்பது எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதன்று.

இத்தகைய ஊரில் படம் தேடிச் சென்றவர்கள் பலர். அவர்களுள் மீனையும் பவளப்பாறையையும் படம் பிடிக்கக் கடலுள் இறங்கிய சிலர், 334 ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணிலிருந்து மறைந்த ஒரு கோயிலின் கற்களைக் கண்டு மேலே வந்தனர். அந்த வரலாற்றைச் சொல்லுமுன், கரையில் நிற்கும் கமராக்காரரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கடலுள் நிகழ்ந்தது கரையில் கற்ற பழக்கத்தின் நீட்சியே ஆகும்.

படம் பிடிப்பவருக்கு முதற் பகை நண்பகல். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும், பின்னர் ஓகஸ்ட் மாத முடிவிலும், நண்பகல் வெயில் செங்குத்தாகத் தலைமேல் நிற்கும். நட்ட கம்புக்கு நிழலே இராது. நிழல் இல்லையென்றால் உருவத்திற்குத் திரட்சியும் இல்லை. முகத்தைப் படமெடுத்தால் கண்கள் இரண்டும் கரிய குழிகளாகத் தோன்றும். ஆகவே அனுபவமுள்ளவர் காலை ஒன்பது மணிக்குள் கருவியை உறையில் இட்டுவிடுவார்; பிற்பகல் நான்கு மணிக்குமுன் அதனை வெளியே எடுக்கமாட்டார். இடையிலுள்ள நேரத்தைத் தூங்கிக் கழிக்கிறாரே என்று வீட்டார் குறை சொல்வதுண்டு. அது கலையின்பொருட்டுச் செய்யும் தூக்கம் என்று அவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

இரண்டாவதாக அறியவேண்டியது காற்று. வாடை வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிழக்குக் கரையில் மழை கொட்டும். கடல் கலங்கி மண்ணிறமாகும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் வானம் வெளுத்து, தரை வறண்டு, கடல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கழியில் ஞாயிறு கிழக்கிலிருந்து தெற்கே விலகித் திறந்த கடலில் எழுவதால், டச்சுக்குடாவிலிருந்து பார்க்கும்போது கோணமலைப் பாறையின்மேல் பக்கவாட்டாக ஒளி விழும். பாறையின் வெடிப்பும் மடிப்பும் எல்லாம் எழுந்து தோன்றும். ஆயின் அம்மாதத்தில் முகில் விலகும் காலைகள் அரிது. முகிலற்ற ஆனியிலோ ஞாயிறு வடக்கே நகர்ந்து பாறையின் பக்கம் நெருங்கிவிடுவதால், மலை கருநிழலாகவே நிற்கும். நல்ல ஒளி வரும் திசை ஒரு பருவத்திலும், நல்ல வானம் மற்றொரு பருவத்திலுமாக இருப்பதனால்தான், கோணமலையை இன்னும் சரியாகப் படமெடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பல்லாண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரெடரிக் கோட்டைக்குள் நுழைந்து கோயிலுக்கு ஏறும் வழியில் படங்களுக்குக் குறைவில்லை. புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் நின்று பார்க்கும். கோட்டை வாயிலில் உள்ள கல்லொன்றில் இணைக் கயல்களின் உருவும், தேய்ந்த தமிழெழுத்துகளும் உள்ளன. இவ்வெழுத்துகளை நேரொளியில் படமெடுத்தால் வெறும் கல்லே தெரியும். ஒளி கல்லை உராய்ந்து செல்லும் சாய்வான நேரத்தில், ஒவ்வொரு வெட்டின் விளிம்பிலும் மெல்லிய நிழல் விழும்; அப்போது எழுத்து தானாகவே பேசத் தொடங்கும். சாசன ஆராய்ச்சியாளர் கையாளும் முறையும் இதுவே.

அக்கல் அங்கே எவ்வாறு வந்தது என்பது திருகோணமலையார் அனைவரும் அறிந்த துயரக் கதை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயில், 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டீ சா என்பவனால் இடிக்கப்பட்டது. இடித்த கற்களைக் கொண்டு கோட்டை எழுந்தது. எஞ்சிய கற்கள், 300 அடிக்கு மேற்பட்ட பாறைச் சரிவிலிருந்து கடலில் வீழ்ந்தன. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் சில காலம் பிடித்து வைத்திருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அத்தனை காலமும் மக்கள் மலையுச்சிக்குச் சென்று, கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டுக் கற்பூரம் கொளுத்தி வழிபட்டு வந்தார்கள். கோயில் இல்லை, கோயில் இருந்த இடம் மட்டும் இருந்தது. அதன் பழைய தோற்றத்தைக் காட்டப் புகைப்படம் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. புகைப்படக் கலை பிறந்ததே 19ஆம் நூற்றாண்டில் அல்லவா?

இனி, பொழுதுபோக்குக்காரர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கூலி பெறாமல் செய்பவர் என்பதே அதன் பொருள். குறைவாகச் செய்பவர் என்பதன்று. இலங்கையில் இதற்குச் சிறந்த சான்று லயனல் வென்ட். 1900இல் பிறந்த அவர் சட்டம் படித்தவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். 1930களில் லைக்கா கமராவைக் கையிலெடுத்து, இலங்கையின் மனிதரையும் மரத்தையும் மணலையும் படமாக்கினார். அப்படங்கள் 1938இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944இல் அவர் காலமானபின் அவருடைய எதிர்ப்படச் சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1950இல் வெளியான அவருடைய படநூலும், அவர் கையாலே அச்சிட்ட பிரதிகளுமே இன்று எஞ்சியுள்ளன. எடுத்த படத்தைக் காப்பது எடுப்பதைவிடப் பெரிய வேலை என்பதற்கு இது போதும்.

வென்ட் காலத்துக் கமரா கரையோடு நின்றது. கடலுள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை அதற்கும் முந்தியது. 1860களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த ஒஸ்திரிய நாட்டுப் பிரபு இரன்சொனே என்பவர், காலிக் கடலில் மூழ்கு மணி ஒன்றினுள் அமர்ந்தபடி, நீருக்கடியிற் கண்ட பவளங்களைச் சித்திரமாக வரைந்தார். 1893இல் பிரான்சின் தென்கரையில் லூயி பூத்தான் என்னும் விலங்கியலாளர் கடலடியிற் புகைப்படம் எடுத்துக் காட்டினார். ஆயினும், மூச்சுக்காற்றைச் சிலிண்டரில் அடைத்து முதுகில் சுமந்துகொண்டு மீன்போல் நீந்தலாம் என்ற நிலை, 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் அதற்குரிய கருவியை அமைத்த பின்னரே வந்தது.

அக்கருவியுடன் 1956இல் இலங்கைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் ஆதர் சி. கிளார்க். 1945ஆம் ஆண்டிலேயே, பூமியைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செய்மதிகளைக் கொண்டு உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதியவர். வானொலி நேயர்கள் நன்றியுடன் நினைக்கவேண்டிய பெயர். வானவெளியைப் பற்றி எழுதுபவருக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். எடையற்று மிதக்கும் நிலையைப் பூமியை விட்டு நீங்காமல் உணர வேண்டுமானால் கடலடியே வழி என்பது அவருடைய விடை. மற்றவர் அவருடைய தோழர் மைக் வில்சன். இவர் படக்கடை வைத்து வாழ்ந்தவர் அல்லர். மூழ்குவதை விரும்பி, மூழ்கிய இடத்தில் கண்டதைப் படமாக்க முற்பட்டவர். உள்நாட்டவரான ரொட்னி யொங்க்ளாஸ் இவர்களுக்குத் துணைநின்றார். தெகிவளை விலங்கினச் சாலையில் பணியாற்றிய யொங்க்ளாஸ், இலங்கைக் கடலின் மீன்களையும் பாறைகளையும் கைரேகைபோல் அறிந்தவர்.

அவர்கள் திருகோணமலைக்கு வந்த காலத்தில் கமராவுக்குள் இருந்தது படச்சுருள். சிறிய சுருளில் 36 படங்கள். பெரிய சட்டக் கமராவில் 12 படங்கள். நிலத்தில் நிற்பவர் சுருள் முடிந்தால் நிழலில் ஒதுங்கி மாற்றிக்கொள்வார். கடலுள் இருப்பவர் மேலே வந்து, வள்ளத்தில் ஏறி, கையைத் துடைத்து, நீர்புகாப் பெட்டியைத் திறந்து மாற்றவேண்டும். ஒரு துளி உப்புநீர் உள்ளே சென்றால் கருவி போய்விடும். கைத்தொலைபேசியில் ஒரே காட்சியை நூறுமுறை எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்துவிடும் இக்காலத்து இளைஞர்களுக்கு, பன்னிரண்டே படங்களுடன் கடலுள் இறங்கியவனின் சிக்கனம் கற்பனைக்கும் எட்டாது.

நீருக்கடியில் ஒளியின் இயல்பே வேறு. நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள் வரும் ஒளி வளைவதால், நான்கு அடி தொலைவில் உள்ள பொருள் மூன்று அடியில் இருப்பதாகத் தோன்றும். அளவிலும் பெரிதாகத் தோன்றும். முதன்முதலாக மூழ்குபவர் கையை நீட்டிப் பிடிக்கப் போய் வெறும் நீரைப் பிடித்துக்கொண்டு ஏமாறுவது இதனால்தான். தட்டையான கண்ணாடிச் சாளரத்தின் பின்னே உள்ள வில்லையும் மனிதக் கண்ணைப் போலவே ஏமாறும். ஆகவே தூரத்தை நாடா கொண்டு அளந்து வைத்தால் படம் மங்கும். கண்ணுக்குத் தோன்றும் தூரத்தை அப்படியே வைத்தால் படம் தெளியும். ஏமாற்றமே அளவுகோலாக அமையும் இடம் அது.

அடுத்தது நிறம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 30 அடி ஆழத்திற்குள்ளேயே சிவப்பு ஏறத்தாழ இல்லாது போகும். அடுத்துச் செம்மஞ்சள், பின்பு மஞ்சள். ஆழத்தில் விரல் வெட்டுண்டால் குருதி பச்சையாகத் தெரியும் என்று மூழ்குவோர் சொல்வது கதையன்று. இழந்த நிறத்தை மீட்பதற்குப் பிளாஷ் விளக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். அதிலும் ஒரு தொல்லை: நீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் அவ்வொளியில் மின்னிப் படத்தில் பனி பெய்ததுபோல் ஆக்கிவிடும். மருந்து ஒன்றே. படமெடுக்கும் பொருளை இயன்றவரை நெருங்குவது. நெருங்கவேண்டும் என்ற இந்தக் கட்டாயம்தான் கோணமலைக் கடலில் கண்ணைத் திறந்தது என்று கருத இடமுண்டு.

மலையின் அடியில் கடல் எளிதாக இடங்கொடுப்பதில்லை. அமைதியான நாளிலும் அலை பாறையில் மோதித் திரும்பி, மூழ்கியவனை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் ஆட்டும். அடியில் கிடக்கும் பாறைகளின்மேல் பாசியும் சிப்பியும் பவளமும் மூடி வளர்ந்திருக்கும். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குவியல். மீனைத் தேடி நெருங்கும்போதுதான், அக்குவியலில் சில கற்களுக்கு நேரான விளிம்பு இருப்பது தெரியவரும். கடல் பாறையை உருட்டும், குடையும், பிளக்கும். ஆனால் அது செங்கோணம் வரைவதில்லை. சதுரத் தூண் ஒன்று, அதன் முகத்தில் பூவின் வடிவம். மற்றொரு கல், யானைத் தலையின் உருவம். அவை சிற்பியின் உளி பட்ட கற்கள். டீ சாவின் ஆட்கள் தள்ளிய நாளிலிருந்து அவற்றை யாரும் அருகிருந்து கண்டதில்லை. அவர்கள் தேடி வந்தது அதுவன்று. ஆயினும் பார்க்கப் பழகிய கண் தேடாததையும் தவறவிடவில்லை.

கற்கள் கடலில் உள்ளன என்று ஊர்மக்கள் எப்போதும் சொல்லி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதை வெளியுலகம் ஐதீகம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வில்சனின் படங்களும், அவற்றுடன் கிளார்க் எழுதி 1957இல் வெளிவந்த ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ என்ற ஆங்கில நூலும், அதே செய்தியைப் பார்க்கத்தக்க சான்றாக்கின. சொல்லை நம்பாதவர்கள் படத்தை நம்பினார்கள். இது மக்களின் நினைவுக்குப் பெருமையா, உலகத்தின் போக்குக்குச் சிறுமையா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1950இல், நகரில் கிணறு ஒன்று தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் ஆகிய பஞ்சலோகத் திருவுருவங்கள் வெளிப்பட்டிருந்தன. கோயில் இடிபடும் வேளையில் அடியார்கள் புதைத்துக் காத்தவை அவை என்பர். மண் தன்னிடம் இருந்ததைத் திருப்பித் தந்தது. அடுத்துக் கடலும் தந்தது. கடலடியிலிருந்து வில்சன் மீட்டெடுத்த சிவலிங்கம், மீளக் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோயிலைச் சேர்ந்தது. அயல்நாட்டிலிருந்து மீன் படம் பிடிக்க வந்த ஒருவர், கோயிலுக்கு இலிங்கம் கொண்டுவந்து கொடுத்தார் என்றால் பழைய புராணக்காரர் அதை ஓர் அத்தியாயமாகவே பாடியிருப்பர். கதை அங்கும் முடியவில்லை. அவர் பிற்காலத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

இடையில் அவர் கமராவைக் கைவிடவில்லை. 1962இல் வெளியான ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களத் திரைப்படத்தை இயக்கினார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. கடலில் மூழ்கிய கோயிற் செல்வத்தைச் சுற்றிப் பின்னப்பட்ட அக்கதைக்குத் திருகோணமலைக் கடலே களமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், தென்கரைக்கு அப்பால் உள்ள பெரிய இராவணன் கோட்டைப் பாறைத்தொடரில் இரண்டு சிறுவர்களுடன் மூழ்கியபோது, உடைந்த கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டார். ஔரங்கசீப் காலத்துச் சூரத்து நாணயங்கள் அவை. கிளார்க் இலங்கையையே தம் வீடாக்கிக்கொண்டு 2008இல் கொழும்பில் காலமானார்.

கோணமலைக் கடல் தந்த சான்றுகள் கற்களோடு நிற்கவில்லை. கொட்டியாரக்குடாவின் அடித்தளத்திலிருந்து ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று கடலுக்குள் நீண்டு செல்வதால், கரைக்கு அண்மையிலேயே பெருந்திமிங்கிலங்கள் வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள், திமிங்கிலம் மூழ்கும்போது மேலெழும் வாலைப் படமெடுத்தார்கள். வாலின் விளிம்பிலுள்ள வெட்டும் வடுவும் ஒன்றுக்கொன்று வேறுபடும். படத்தை ஒப்பிட்டால், நேற்றுக் கண்ட விலங்குதான் இன்று வந்தது என்று சொல்லிவிடலாம். ஈட்டி எறிந்து எண்ணிய காலம் போய், படமெடுத்து எண்ணும் காலம் வந்தது.

துறைமுகத்தின் பக்கம் படம் தேடிச் செல்பவருக்கு வேறு வகையான தடை உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துச் சென்றபின் அது இலங்கைக் கடற்படையிடம் இருக்கிறது. கோட்டையினுள்ளும் இராணுவ முகாம் உண்டு. அனுமதியின்றிக் கமராவை நீட்டக்கூடாத இடங்கள் இங்கு மிகுதி. போர் நடந்த ஆண்டுகளில் கடற்கரையில் கருவியுடன் நிற்பதே ஐயத்திற்கு இடமாகும். ஆகவே படம் பிடிப்பவர் முதலில் பழகவேண்டியது கேட்கும் பழக்கம்: காவலரைக் கேட்டல், கோயிற் குருக்களைக் கேட்டல், வலை இழுப்பவரைக் கேட்டல். சீனன்குடாவில் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானியர் தாக்குதலில் எரிந்து உருகிய எண்ணெய்த் தாங்கியின் இரும்பு, மெழுகுபோல் வளைந்து நிற்கிறது. நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இலிருந்து உறங்குகிறார். எவ்வளவு தூரத்து மனிதர்களை இத்துறைமுகம் இழுத்து வந்தது என்பதைக் கல்லறைகளே சொல்லும்.

ஆயினும் பெரும்பாலானவர்களின் கால் இறுதியில் நிற்பது கரைவலை இழுக்கும் இடத்தில்தான். விடியற்காலையில் வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். கரையில் இரு பிரிவினர் இரண்டு கயிற்றையும் பிடித்து, மெல்ல மெல்ல நெருங்கி வருவார்கள். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். தோளில் கயிறு பதிந்த தடம், மணலில் ஊன்றிய குதிகால், மடி கரையேறும்போது ஒருமுகமாகத் திரும்பும் கண்கள்: இவற்றுக்காகக் காத்திருப்பவர் சில வேளைகளில் வெறுமனே நிற்க வெட்கப்பட்டு, கருவியை முதுகில் தள்ளிவிட்டுக் கயிற்றில் கைவைத்துவிடுவதுமுண்டு. அன்றைக்குப் படம் கிடையாது. உள்ளங்கையில் கொப்புளம் உண்டு. ஆனால் அடுத்த நாள் அவரைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். சூடையும் கீரியும் துள்ளும் மடியை அவர் நெருங்கிப் படமெடுக்கும்போது ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அப்படங்கள் யாருக்குத் தேவைப்படும் என்று எடுத்த நாளில் எவரும் சொல்லமுடியாது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் வீடுகள் மட்டுமா போயின? சுவரில் மாட்டியிருந்த திருமணப் படமும், பெட்டிக்குள் இருந்த பிள்ளைகளின் பள்ளிப் படமும் உடன் போயின. 2006இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் மீளத் தொடங்கியது 2015இன் பின்னரே. ஊர் திரும்பியபோது எந்த வளவு எங்கே இருந்தது, எந்த மரத்தடியில் கிணறு இருந்தது என்பதற்குப் பழைய படமொன்று கிடைத்தவர் பேறுபெற்றவர். கல்லில் வெட்டிய கோயிலே கடலுள் சென்று மறைந்த ஊரில், தாளில் பதிந்த வீட்டுக்கு என்ன உறுதி?

படப் பிரதியின் பின்புறத்தில் நாள், இடம், நின்று எடுத்த திசை ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிவைக்கும் வழக்கம் பழைய படக்காரர்களிடம் இருந்தது. மைக்கூடு சாய்ந்தாலும் மழை பட்டாலும் பென்சில் எழுத்து கலங்காது. இக்காலத்துக் கருவிகள் நாளைத் தாமாகவே குறித்துக்கொள்கின்றன. ஆனால் படத்திலுள்ளவர் யார் என்பதை எந்தக் கருவியும் குறித்துவைப்பதில்லை. அதனைக் கேட்டு எழுதுபவர் குறைவு. கேட்டு எழுதி, பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்குச் செல்பவர் இன்னும் குறைவு.

அவ்வாறு சென்ற ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். வெயில் தாழ்ந்து, உட்துறைமுகத்தின் பக்கம் வானம் சிவக்கிறது. டச்சுக்குடாவில் வலையை உலர்த்திவிட்டு வள்ளத்து நிழலில் அமர்ந்திருப்போரிடம் அவர் படத்தைக் கொடுக்கிறார். அது கை மாறி மாறிச் செல்கிறது, சிரிப்பு எழுகிறது, ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள். இறுதியில் முதியவர் ஒருவரின் கையில் நிற்கிறது. அவர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுசென்று, கயிற்றின் கடைசியில் நிற்கும் உருவத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறார். பேச்சு அடங்குகிறது.

“இது எந்த நாள் எடுத்தது, தம்பி?”

“பின்னால் எழுதியிருக்கிறேன், ஐயா.”

முதியவர் படத்தைத் திருப்புகிறார்.